எல்லையை மூடினால் யாருக்கு நஷ்டம்? அட்டாரிக்குக் கம்பம் சொல்லும் பாடம்

பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு, 2025 ஏப்ரலில் அட்டாரி சோதனைச்சாவடியை இந்தியா மூடியது. அது எங்கேயோ வடக்கே நடக்குற விஷயம்னு தேனிக்காரர்கள் சொல்ல மாட்டார்கள். பாதை அடைபட்டா என்ன ஆகும்னு அவங்களுக்குத் தெரியும்.

2011-ல் என்ன நடந்தது?

முல்லைப் பெரியாறு அணை விவகாரம் டிசம்பரில் வெடித்தது. கம்பம் - குமுளி சாலையில் போக்குவரத்து முடங்கியது. கேரளாவுக்குப் போகவேண்டிய காய்கறி தேங்கியது. இடுக்கி ஏலத்தோட்டங்களில் வேலை பார்த்த தமிழர்கள் பலர் ஊர் திரும்பினார்கள்.

யாருக்கு அடி?

ரெண்டு பக்கமும்தான். இடுக்கியில் விளையும் ஏலக்காய் போடிநாயக்கனூரில் ஏலம் போகிறது. அங்கே காய் பறிக்க ஆள் இல்லை. இங்கே அன்றாடக் கூலி இல்லை.

பிறகு?

142 அடி வரை நீர் தேக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தது 2014 மே மாதம்தான். தொழிலாளர் ஜீப்புகள் அதற்கு முன்பே மலையேறத் தொடங்கிவிட்டன.

அட்டாரிக்குப் பொருந்துமா?

முழுசா பொருந்தாது. தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் பொதுவாக ஒரு நீதிமன்றம் உண்டு. இந்தியா, பாகிஸ்தானுக்கு நடுவே அப்படி யாரும் இல்லை. பாதுகாப்புக் கேள்வியும் பெரியது. ஆனா, எல்லாப் பிரச்னையும் தீர்ந்த பிறகுதான் பாதைன்னு காத்திருந்தால், முதலில் அடுப்பு அணைவது லாரி ஓட்டுறவர், மூட்டை தூக்குறவர் வீட்டில்தான்.