நிவாரணம் தருமமா? உரிமையா?

காவிரித் தண்ணீர் கல்லணையைத் தாண்டினால் முதலில் தலைமடைக்காரன் வயலில்தான் பாயும். கடைமடைக்காரனுக்கும் அது வந்து சேர வேண்டுமானால் முறை வைத்து விட வேண்டும். முறை இல்லாவிட்டால் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடினாலும் கடைமடை காய்ந்துதான் கிடக்கும். இது தஞ்சை ஜில்லாவில் மண்வெட்டி பிடித்த எவருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் புயலோ வெள்ளமோ வந்து, உலகத்தின் நாலா பக்கங்களிலிருந்தும் அரிசியும் துணியும் பணமும் வந்து குவிகிற காலத்தில் மாத்திரம் நம்மவர்கள் இந்தச் சாதாரண அறிவைக்கூட மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள். கொடுக்கிறவர்கள் கொடுத்துவிட்டால் போதும், சேர வேண்டியவர்களுக்குத் தானாகவே போய்ச் சேர்ந்துவிடும் என்று நினைக்கிறார்கள். அப்படித் தானாகப் போய்ச் சேருவதில்லை என்பதையே நாம் இங்கு எடுத்துக் காட்ட விரும்புகிறோம்.

2004-ம் வருஷம் டிசம்பர் மாதம் 26-ந் தேதி காலையில் வந்த ஆழிப்பேரலையை யாரும் மறந்திருக்க முடியாது. தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் மாண்டார்கள். அவர்களில் 6,000 பேருக்கு மேற்பட்டவர்கள் நாகப்பட்டினம் ஜில்லா ஒன்றில் மாத்திரம் மாண்டவர்கள். கரையோரக் குப்பத்தில் இருந்தவர்களும் மாண்டார்கள். வேளாங்கண்ணிக்கு வந்திருந்த பக்தர்களும் மாண்டார்கள். இது எந்தக் கடவுளின் கோபமும் அல்ல. சுமத்ராவுக்குப் பக்கத்தில் கடலுக்கடியில் பூமி அசைந்ததின் விளைவு. 1934-ல் பீகாரில் பூகம்பம் ஏற்பட்டபோது, அது தீண்டாமைப் பாவத்திற்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று காந்தியார் சொன்னார். இயற்கை நிகழ்ச்சிக்கு இப்படிக் காரணம் கற்பிப்பது அறிவுக்குப் பொருந்தாது என்று தாகூரே மறுத்தார். தீண்டாமை பூகம்பத்தைக் கொண்டுவராது என்பது நிச்சயம். ஆனால் பூகம்பத்திற்குப் பின் வருகிற சோற்றை அது தடுத்து நிறுத்தும் என்பதை நாகப்பட்டினத்தில் பார்த்தாகிவிட்டது.

பணத்திற்கு அன்று பஞ்சமில்லை. ஆழிப்பேரலையால் பாதிக்கப்பட்ட நாடுகளுக்கெல்லாம் சேர்த்து உலகம் சுமார் 1,350 கோடி டாலர் கொடுத்ததாக 2006-ல் வெளிவந்த சர்வதேச மதிப்பீட்டறிக்கை கூறுகிறது. தலைக்குக் கணக்குப் பார்த்தால் 7,100 டாலருக்குக் குறையாது. அதே 2004-ல் வங்காள தேசத்தில் வெள்ளத்தில் தத்தளித்தவர்களுக்குத் தலைக்குச் செலவானது 3 டாலர்! வங்காளத்து ஏழையின் வயிறு சிறியதா என்று கேட்கின்றோம். ஒன்று தொலைக்காட்சியில் உலகமெல்லாம் காட்டப்பட்டது, மற்றொன்று அவ்வளவாகக் காட்டப்படவில்லை என்பதைத் தவிர வேறு என்ன காரணம் சொல்ல முடியும்? தருமம் என்பது கொடுப்பவன் மனம் இளகுவதைப் பொறுத்ததே ஒழிய, வாங்குபவன் தேவையைப் பொறுத்தது அல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

இனி வந்த பொருள்கள் என்ன ஆயின என்று பார்ப்போம். நாகப்பட்டினத்து ரோட்டோரங்களில் பழந்துணி மலைபோல் குவிந்து, தொடுவாரற்றுக் கிடந்தது. வீட்டை இழந்தவனுக்கு மானமும் போய்விட்டது என்று நினைத்து அனுப்பிய துணி அது. படகு கொடுத்தால் புண்ணியமும் கிடைக்கும், படமும் பிடிக்கலாம் என்று ஸ்தாபனங்கள் போட்டி போட்டுக்கொண்டு கொடுத்ததில், அலைக்கு முன் இருந்ததைவிட அதிகமான பைபர் படகுகள் கரையில் வந்து நின்றன. படகு கூடியதே தவிர, கடலில் மீன் கூடவில்லை.

ஆனால் படகே இல்லாதவர்கள் கதி என்ன? கரையை ஒட்டிய வயல்களில் உப்புநீர் புகுந்துவிட்டது. அவ்வயல்களில் கூலி வேலை செய்து பிழைத்த ஆதித்திராவிட மக்களுக்குப் பட்டாவும் இல்லை, படகும் இல்லை. ஆகையால் அவர்களுக்கு நஷ்டமே இல்லை என்று ஆகிவிட்டது! சில இடங்களில் அவர்கள் முகாமைவிட்டே விரட்டப்பட்டார்கள் என்றும், அவர்களுக்குச் சோறும் தண்ணீரும் மறுக்கப்பட்டன என்றும், தனி முகாம் போட வேண்டியதாயிற்று என்றும் அப்போதே பத்திரிகைகளிலும் மனித உரிமைச் சங்கங்களின் அறிக்கைகளிலும் வெளிவந்தது. பல மீனவ ஊர்களில் பங்கீட்டை ஊர்ப் பஞ்சாயத்தின் கையில் ஒப்படைத்தார்கள். அப்பஞ்சாயத்தோ ஊர் வரி கட்டும் ஆண்பிள்ளையைக் கொண்டு குடும்பத்தைக் கணக்கிடுவது. புருஷனை அலைக்குக் கொடுத்த பெண் பல ஊர்களில் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. யாருக்கு அதிக நஷ்டமோ அவருக்கே பெயர் இல்லை என்றால், அதை நிவாரணம் என்று எப்படிச் சொல்லுவது?

அந்நிய சர்க்கார்களின் உதவி வேண்டாம், நாமே சமாளித்துக்கொள்வோம் என்று இந்திய சர்க்கார் அன்று சொல்லிற்று. பிறகு 2005 மே மாதத்தில் உலக வங்கியின் 46.5 கோடி டாலர் திட்டம் வந்தது வேறு விஷயம். ஒரு நாடு பிறர் கையை எதிர்பாராதிருப்பது நல்லதே. ஆனால் அந்த நாட்டுக்குள்ளேயே ஒரு குடிமகன் இன்னொரு குடிமகனுடன் ஒரே வரிசையில் நின்று சோறு வாங்கக் கூடாதென்றால், சர்க்கார் காப்பாற்றிய சுயமரியாதை யாருடைய சுயமரியாதை?

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. அதே நாகப்பட்டினத்தில் 2005 ஜனவரியில் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் சினேகா என்னும் ஸ்தாபனமும் முன்னின்று, வந்து குவிந்த தொண்டு நிறுவனங்களை ஒன்றுசேர்க்கும் மையம் ஒன்றை கலெக்டர் ஆபீசின் ஒத்துழைப்போடு ஏற்படுத்தின. எந்த ஊரில் என்ன குறை, அங்கே யார் போயிருக்கிறார், யாரும் போகாத ஊர் எது என்று கணக்கெடுத்தார்கள். இதுதான் நாம் சொல்லும் முறைத் தண்ணீர்.

உலக அளவிலும் ஏற்பாடு உண்டு. ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 1991 டிசம்பரில் இதற்கென ஒரு தீர்மானம் செய்தது. 2005-லிருந்து சுகாதாரத்துக்கு ஒரு ஸ்தாபனம், தண்ணீருக்கு ஒன்று, கூரைக்கு ஒன்று என்று பொறுப்புகளைப் பிரித்து வைத்தார்கள். 1997-ல் தொண்டு ஸ்தாபனங்களும் செஞ்சிலுவைக்காரர்களும் தொடங்கிய ஸ்பியர் விதிகளின்படி, ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீரும், தலைக்கு 3.5 சதுர மீட்டர் கூரையடி இடமும் வேண்டும். இவற்றை அவ்விதிகள் பிச்சை என்று சொல்லவில்லை; மானத்தோடு வாழும் உரிமை என்றே சொல்கின்றன. வார்த்தை நல்ல வார்த்தைதான். ஆனால் உதவிப் பணத்தில் 100-க்கு 25 பங்கை அந்தந்த நாட்டு ஸ்தாபனங்களுக்கே கொடுப்பதாக 2016-ல் இஸ்தான்புல்லில் செய்த வாக்குறுதி, கெடு வைத்த 2020-க்குள் நிறைவேறவில்லை. அங்கேயும் தலைமடைக்காரன்தான் மதகைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

பசித்தவன் முன்னால் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தால் அவன் செத்துப்போவானே என்று சிலர் கேட்கலாம். முதல் நாள் சோற்றுக்குப் பட்டியல் வேண்டாம். யார் பானையில் இருந்தாலும் யார் பசித்தாலும் போட வேண்டியதே. ஆனால் பட்டியலைப் புயல் வந்த பிறகுதான் எழுத வேண்டும் என்று யார் விதித்தது? ஐப்பசி மழையும் கார்த்திகைப் புயலும் சொல்லிக்கொண்டுதானே வருகின்றன? ஆழிப்பேரலை வந்து 14 வருஷம் கழித்து, 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிப் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. நிவாரண லாரிகள் பெரிய ரோட்டோரத்து ஊர்களிலேயே காலியாயின. உள்ளே தள்ளியிருந்த ஊர்கள் காத்துக் கிடந்தன. சாய்ந்த மரத்துக்கு 1,100 ரூபாய் என்று சர்க்கார் கொடுத்தது. மரம் வைத்திருந்தவனுக்கு அது; அந்த மரத்தில் ஏறிப் பிழைத்தவனுக்கு என்ன?

ஆகவே நாம் வற்புறுத்துவது இதுதான். மழைக்காலத்துக்கு முன்பே ஒவ்வொரு ஊரிலும், சேரியையும் குப்பத்தையும் சேர்த்து, பட்டியல் தயாராக வேண்டும். நிலமும் படகும் இல்லாதவர் பெயரும், பெண்களின் பெயர் தனியாகவும் அதில் இருக்க வேண்டும். தமிழில் எழுதி, எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒட்டி, சேரியிலும் கூட்டம் போட்டு வாசிக்க வேண்டும். எந்த ஜாதிப் பஞ்சாயத்தின் கையிலும் தனியாகப் பங்கீட்டை விடக் கூடாது. உள்ளூர் ஸ்தாபனமானாலும், சீமையிலிருந்து வந்ததானாலும், அந்தப் பட்டியலைப் பார்க்காமல் ஒரு மூட்டையையும் இறக்கக் கூடாது.

கொடுப்பவர் புண்ணியம் தேட வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும். பட்டியலில் தன் பெயர் எங்கே என்று கேட்கும் தைரியம் கடைமடையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் வர வேண்டும். கேட்பது பிச்சையல்ல, பங்கு.