தடித்த நூலா, தகுந்த நூலா?

பிறமொழி ஒன்றைக் கற்கப் புகும் மாணவியின் முன் முதலில் வந்து நிற்கும் மலை, அம்மொழியின் வினைச்சொற்களே. ஸ்பானிய மொழியில் அம்மலை சற்று உயரமானது. ஸ்பெயின் முதல் அர்ஜென்டினா வரை 20 நாடுகளில் ஆட்சிமொழியாக விளங்கும் அம்மொழியை நம்மில் சிலர் ஆர்வத்துடன் கற்கத் தொடங்குகிறோம். சில வாரங்கள் செல்லுமுன், “வினைச்சொற்களுக்கென்று ஒரு நல்ல நூல் வாங்கிக்கொள்” என்னும் அறிவுரை வந்துவிடுகிறது. நல்ல நூல் எது? செலவாகப் போவது பெற்றோர் உழைத்துச் சேர்த்த பணம். அதனினும் மேலாக, மாணவியின் ஆர்வம் அந்நூலால் வளரவும் கூடும். வாடிப் போகவும் கூடும். ஆகவே இதைச் சற்று ஆராய்வது பொருத்தமே.

ஸ்பானிய வினைகள் ‘ஆர்’, ‘ஏர்’, ‘இர்’ என்னும் மூன்று ஈறுகளுள் ஒன்றைக் கொண்டு முடிபவை. ‘ஆப்லார்’ என்றால் பேசுதல். அதிலிருந்து ‘ஆப்லோ’ (பேசுகிறேன்), ‘ஆப்லாஸ்’ (பேசுகிறாய்), ‘ஆப்லாமோஸ்’ (பேசுகிறோம்) என்று வடிவங்கள் கிளைக்கின்றன. நம் தமிழைப் போலவே, பேசுபவர் யார் என்பதை வினையின் ஈறே காட்டிவிடுகிறது. ‘நான்’, ‘நாம்’ என்று தனியே சொல்ல வேண்டுவதில்லை. இது நமக்கு வாய்த்த நற்பேறு அன்றோ!

ஆனால் ஒழுங்கிற்கு அடங்காத வினைகளும் பல உண்டு. உடைமையைக் குறிக்கும் ‘தெனேர்’ நிகழ்காலத்தில் ‘தெங்கோ’ என்றும், இறந்தகாலத்தில் ‘தூவே’ என்றும் உருமாறும். ‘செர்’ என்பது இருத்தல். ‘இர்’ என்பது போதல். இவ்விரண்டிற்கும் இறந்தகாலம் ‘ஃபூய்’ என்னும் ஒரே வடிவம்! எனவேதான் பார்வை நூல் ஒன்று தேவைப்படுகிறது.

இத்தகைய நூல்கள் இருவகைப்படும். கிறிஸ்தோபர் கென்டிரிஸ் தொகுத்து, பாரன்ஸ் பதிப்பகம் வெளியிட்ட ‘501 ஸ்பானிஷ் வெர்ப்ஸ்’ முதல் வகையைச் சேர்ந்தது. அகரவரிசைப்படி, பக்கத்திற்கு ஒரு வினையாக, 14 கால வடிவங்களையும் அது அடுக்கித் தருகிறது. இரண்டாம் வகை, பிரெஞ்சு நாட்டின் ‘பெஷெரெல்’ வரிசை நூல்களைப் போன்றது. அதில் மாதிரி வினைகளுக்கு மட்டுமே முழு அட்டவணை இருக்கும். ஏனைய ஆயிரக்கணக்கான வினைகள் நூலின் இறுதியில் அகரவரிசையில் நிற்கும்; ஒவ்வொன்றின் அருகிலும், அது எந்த மாதிரியைப் பின்பற்றுகிறது என்பதைக் காட்டும் எண் இருக்கும். இம்முறை நமக்குப் புதிதன்று. 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் லெக்சிகனும் தமிழ் வினைகளுக்கு அருகே இத்தகைய எண்களை இட்டிருக்கிறது.

தொடக்க நிலை மாணவிக்கு இரண்டாம் வகையே ஏற்றது என்பது நம் கருத்து. காரணங்கள் இரண்டு.

முதலாவது, ஒரு சிறு கணக்கு. 14 கால வடிவங்கள், ஒவ்வொன்றிலும் 6 இடங்கள். ஆக ஒரு பக்கத்தில் 84 வடிவங்கள். இவற்றுள் பாதியான 42, கூட்டுக் காலங்கள். ‘ஆபேர்’ என்னும் துணைவினையையும், குறிப்பிட்ட வினையின் எச்சம் ஒன்றையும் அறிந்தால் அந்த 42-ஐயும் நாமே அமைத்துவிடலாம். அப்படியிருக்க, அவற்றைப் பக்கத்திற்குப் பக்கம் அச்சிட்டுச் சுமப்பானேன்? அவற்றுள் சில பேச்சில் அரிதாகவே வருபவை. பக்கம் நிறைந்திருப்பதைக் கண்டு, அனைத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டும் என்று மாணவி அஞ்சிவிடுகிறாள்.

இரண்டாவது, வினைகளின் உறவுமுறை. ‘பென்சார்’ (நினைத்தல்) ‘பியென்சோ’ ஆகிறது. ‘செர்ரார்’ (மூடுதல்) ‘சியெர்ரோ’ ஆகிறது. ‘தெஸ்பெர்தார்’ (எழுப்புதல்) ‘தெஸ்பியெர்தோ’ ஆகிறது. மூன்றும் ஒரே குடும்பம்! ‘நாம்’ என்னும் இடத்திலோ ‘பென்சாமோஸ்’ என்று பழைய உருவமே நிலைக்கும். இதிலும் மூன்றும் ஒன்றே. அகரவரிசை நூலில் இவை பல பக்கங்களுக்கு அப்பால் பிரிந்து கிடக்கின்றன. மாதிரி நூலில் ஒரே எண்ணின் கீழ் கூடி நிற்கின்றன. ஒன்றைக் கற்றவள் பலவற்றைக் கற்றவளாகிறாள்.

தடித்த நூலுக்கும் ஒரு சிறப்பு உண்டு; அதை மறைப்பது நியாயமாகாது. ‘கேப்போ’ என்னும் சொல்லைப் படிக்கும் மாணவி, அது ‘காபேர்’ (கொள்ளுதல்) என்னும் வினையின் வடிவம் என்பதை எவ்வாறு அறிவாள்? கென்டிரிஸின் நூலில், ஒழுங்கற்ற வடிவத்திலிருந்து மூலவினையைக் கண்டறியத் தனிப் பட்டியல் உள்ளது. நூலகத்தில் இருக்க வேண்டிய நூல்தான் அது.

கைபேசி இருக்க நூல் எதற்கு என்று கேட்பாரும் உளர். 1713-இல் தோன்றிய ஸ்பானிய மொழி அகாதமியின் அகராதியே இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு வடிவம் சரியா என்று பார்க்க அது போதும். ஆனால் குடும்பம் குடும்பமாக வினைகளை ஒருங்கே கண்டு பழக, கையில் விரித்து வைக்கும் நூலே துணை.

கடையில் நின்று நூலைப் புரட்டும்போது சிலவற்றைச் சோதித்துப் பாருங்கள். ‘பூஸ்கார்’ (தேடுதல்) என்பதன் இறந்தகாலம் ‘பூஸ்கே’. இங்கே ஒலி மாறவில்லை. எழுத்து மட்டுமே மாறுகிறது. இதை நூல் விளக்குகிறதா? மரியாதைக்குரிய ‘உஸ்தெத்’, ‘நீங்கள்’ என்று பொருள்பட்டாலும், ‘அவர்’ என்பதற்குரிய வினைவடிவத்தையே ஏற்கும். இது தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறதா? ஸ்பெயினில் பலரை நோக்கி உரிமையுடன் பேசும்போது ‘வோசோத்ரோஸ்’ வழங்குகிறது. அமெரிக்கக் கண்டத்து நாடுகளில் ‘உஸ்தேதெஸ்’ வழங்குகிறது. அர்ஜென்டினாவில் ‘நீ’ என்பதற்கு ‘வோஸ்’ வழங்குகிறது. இவ்வேறுபாடுகள் கூறப்பட்டுள்ளனவா?

பழைய புத்தகக் கடையில் வாங்குவோர்க்கு மேலும் ஓர் எச்சரிக்கை. 1994-இல் எடுக்கப்பட்ட முடிவுக்கு முந்தைய நூல்களில் ‘சி, எச்’ இணையும், ‘எல், எல்’ இணையும் தனி எழுத்துகளாக வரிசைப்படுத்தப்பட்டிருக்கும். ‘அழைத்தல்’ என்னும் ‘யமார்’ தன் இடத்தில் இல்லையே என்று தேடிக் களைக்க நேரிடும். 1959-க்கு முந்தைய நூல்களில் ‘ஃபூய்’ போன்ற சொற்களின் மேல் இன்று நீக்கப்பட்டுவிட்ட அழுத்தக்குறியும் காணப்படும்.

அன்புள்ள பெற்றோரே, விலையும் பருமனும் நூலின் தகுதியைக் காட்டமாட்டா. அருட்சகோதரியரிடமும் ஆசிரியைகளிடமும் நாம் வேண்டுவது இதுவே: தடித்த நூலில் ஒரு படி பள்ளி நூலகத்தில் இருக்கட்டும், அனைவரும் அதைப் பயன்படுத்துவோம். மாணவியின் கையில் மெல்லிய மாதிரி நூலொன்றும், ஒரு குறிப்பேடும் போதும். தோழியரே, அன்றாடம் ஒரு வினையை எடுத்து, அதன் வடிவங்களைக் கொண்டு மூன்று சொந்த வாக்கியங்களை அக்குறிப்பேட்டில் எழுதுங்கள். அட்டவணையில் உறங்கும் வினை, வாக்கியத்தில் விழித்தெழும். ஆண்டு முடிவில் அந்தக் குறிப்பேடே உங்களுக்கு மிகவும் பயன்பட்ட வினைநூலாக விளங்கும் என்பதில் ஐயமில்லை.