ஒரே வீடு, நாலு அடுப்பு!

புதுக்கோட்டையிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். அவரும் இரண்டு சிநேகிதிகளும் சேர்ந்து வாடகை மாடியில் கணக்குப் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்களாம். 1991-92ல், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த அறிவொளி நாட்களில், அந்த மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் விடக் கற்றுக்கொண்டார்கள் அல்லவா? அன்று சைக்கிள் கற்ற தாயாரின் பெண் இவர். இன்று ஊராரின் பெண்களுக்கு டாலி சொல்லிக்கொடுக்கிறார்.

விஷயம் இதுதான். பெரிய கம்பெனி ஒன்று கழித்துவிட்ட பழைய ஸர்வர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. "இதை நாலாகப் பிரித்துக்கொள்ளலாம் அம்மா. ஒன்றை வாங்கினால் நாலு கம்ப்யூட்டர் வாங்கின மாதிரி!" என்கிறாராம் வியாபாரி. ஒரு பாகம் வகுப்புக்கு, ஒரு பாகம் பிள்ளைகள் இஷ்டப்படி தட்டிப் பழக, ஒரு பாகம் கட்டணக் கணக்குக்கு, நாலாவது பாகம் எல்லாவற்றையும் நகல் எடுத்துப் பத்திரப்படுத்த. திட்டம் பேஷாகத்தான் இருக்கிறது. வளையலை அடகு வைத்துப் பணம் கொடுக்கப் போகிறார். "வாங்கலாமா?" என்று கேட்கிறார்.

வளையல் இன்னும் கையில் இருக்கும்போதே கேட்டாரே, அதுவே பெரிய காரியம்!

சகோதரி, "பிரிப்பது" என்ற ஒரு வார்த்தைக்குள் மூன்று சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. வியாபாரி எதைச் சொன்னார் என்று முதலில் கேளுங்கள். அதற்கு நாம் தூரதேசம் போக வேண்டாம். உங்கள் மாவட்டத்திலேயே ராயவரம், கோனாபட்டு, நச்சாந்துபட்டி பக்கம் நகரத்தார் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரே கூரை, ஒரே வாசல். உள்ளே வளவைச் சுற்றி, கல்யாணமான ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அறை. கல்யாணத்துக்குப் பிறகு புதுத் தம்பதியை "வேறு வைத்து"விடுவார்கள். பாத்திர பண்டமும் அரிசி பருப்பும் கொடுத்துத் தனி அடுப்பு. வீடு ஒன்றுதான், சமையல் வேறு வேறு. ஒருத்தி அடுப்பில் பால் பொங்கி வழிந்தால் இன்னொருத்தியின் குழம்புக்கு ஆபத்தில்லை.

கம்ப்யூட்டரில் இந்த வேறு வைத்தலுக்குத்தான் 'வர்ச்சுவலைசேஷன்' என்று பெயர். ஒரே இயந்திரத்துக்குள் பல கம்ப்யூட்டர்கள். ஒவ்வொன்றும் தான்தான் முழு இயந்திரம் என்று நினைத்துக்கொண்டிருக்கும். எல்லோருக்கும் அளந்து கொடுக்கிற வீட்டுப் பெரியவர் மாதிரி மேலே ஒரு புரோகிராம் உட்கார்ந்திருக்கும். அதற்கு 'ஹைப்பர்வைஸர்' என்று பெயர்.

இரண்டாவது, நடுவில் சுவர் எழுப்பிக்கொள்கிற பாகப்பிரிவினை. பிராஸஸர், மெமரி எல்லாவற்றையும் இயந்திரமே கூறு போட்டுக் கொடுத்துவிடும். ஐ.பி.எம். கம்பெனியின் பெரிய இயந்திரங்களில் 1988 வாக்கிலேயே இது வந்துவிட்டது. 2001ல் அவர்களுடைய பவர்-4 ஸர்வர்களுக்கும் வந்தது. பாங்கிகளில் இருக்கிற ரகம் இது. கடைத்தெருவில் கிடைக்கிற சாதாரண இன்டெல், ஏ.எம்.டி. ஸர்வரில் இந்தச் சுவரைத் தேடாதீர்கள். உங்களுக்கு அது வேண்டியதுமில்லை.

மூன்றாவதுதான் நம் ஊர்க் கடைகளில் எல்லோரும் சொல்கிற 'பார்ட்டிஷன்'. ஹார்ட் டிஸ்க்கை ஸி, டி, ஈ என்று பிரிப்பது. இது அலமாரியில் நாலு தட்டு அடிப்பது போல. நாலு தட்டு இருந்தால் நாலு குடித்தனம் நடத்த முடியுமா? எந்தப் பழைய பெட்டியிலும் இதைச் செய்யலாம். வியாபாரி இதை மனத்தில் வைத்துக்கொண்டு "நாலாகப் பிரிக்கலாம்" என்று சொல்லியிருந்தால் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் உங்கள் காரியம் நடக்காது.

அப்படியானால் வேறு வைக்கிற வசதி எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருக்காதா என்கிறீர்களா? இராது. வீட்டைக் கட்டும்போதே வளவும் அறைகளும் வைத்திருக்க வேண்டும். 1973ல் சென்னை ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370/155 என்ற ராட்சத இயந்திரம் வந்து இறங்கியது. அந்தக் காலத்து அதிசயம். அதற்கு முந்தின வருஷம், 1972 ஆகஸ்டில், ஒரே இயந்திரத்தைப் பல இயந்திரங்களாகக் காட்டும் வி.எம்./370 என்ற புரோகிராமை ஐ.பி.எம். அறிவித்திருந்தது. வேடிக்கை என்னவென்றால், 155 மாடலை அதற்கு முன்பே வாங்கிவிட்ட கம்பெனிகளால் அதை அப்படியே ஓட்ட முடியவில்லை. மெமரி விலாசங்களை மாற்றிக் கொடுக்கும் பகுதி அந்த மாடலில் கிடையாது. அதைத் தனியே பெருந்தொகை கொடுத்து வாங்கிப் பொருத்த வேண்டியிருந்தது. விலை உயர்ந்த சாமான்தான். ஆனாலும் இந்த ஒரு காரியத்துக்கு லாயக்கில்லை!

நம் மேஜைக் கம்ப்யூட்டர்களின் கதையும் அதுதான். அவற்றின் பிராஸஸர்கள் வெகுகாலம் ஒரே எஜமானுக்குத்தான் பழகியிருந்தன. 1998ல் அமெரிக்காவில் டயான் கிரீன் என்ற பெண்மணி, தம் கணவர் மெண்டல் ரோஸன்பிளமுடனும் இன்னும் மூவருடனும் சேர்ந்து வி.எம்.வேர் கம்பெனியைத் தொடங்கினார். பிராஸஸர் உதவி செய்யாவிட்டால் என்ன என்று புரோகிராமின் சாமர்த்தியத்தாலேயே காரியத்தைச் சாதித்தார்கள். பிறகு பிராஸஸர் கம்பெனிகளுக்கும் ரோசம் வந்தது. 2005 நவம்பரில் இன்டெல் 'வி.டி.-எக்ஸ்' என்ற வசதியையும், 2006ல் ஏ.எம்.டி. 'ஏ.எம்.டி.-வி' என்ற வசதியையும் பிராஸஸருக்குள்ளேயே வைத்தன. இன்று நீங்கள் பார்க்க வேண்டியது இந்த அடையாளத்தைத்தான்.

எப்படிப் பார்ப்பது? கடையில் பெட்டியை ஓடவிடச் சொல்லுங்கள். "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றால் நீங்களும் பணத்தை அப்புறம் கொடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 8க்குப் பிந்தியதாக இருந்தால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பொத்தான்களையும் ஒருசேர அழுத்துங்கள். 'டாஸ்க் மானேஜர்' திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்', அதற்குள் 'சி.பி.யு.'. வலது கீழ் ஓரத்தில் 'வர்ச்சுவலைசேஷன்' என்று ஒரு வரி இருக்கும். எதிரே 'எனேபிள்ட்' என்றிருந்தால் சுபம். லினக்ஸ் என்றால் 'எல்எஸ்சிபியு' என்று தட்டுங்கள். வரும் பட்டியலில் வர்ச்சுவலைசேஷனுக்கு நேராக வி.டி.-எக்ஸ் அல்லது ஏ.எம்.டி.-வி என்று காட்டும்.

'டிஸேபிள்ட்' என்று வந்தால் உடனே முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்துவிட வேண்டாம். அறை இருக்கிறது, தாழ்ப்பாள் போட்டிருக்கிறது என்று இருக்கலாம். பெட்டி உயிர் பெறும்போது எஃப்2, எஃப்10, டெலிட் இவற்றில் ஒன்றை அழுத்தினால் 'பயாஸ்' திரை வரும். எந்தப் பொத்தான் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அங்கே 'இன்டெல் வர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி' அல்லது ஏ.எம்.டி.யானால் 'எஸ்.வி.எம்.' என்றிருப்பதைத் திறந்துவிட்டு, பெட்டியை ஒரு முறை முழுக்க அணைத்துப் போட வேண்டும். கழித்துவிட்ட கம்பெனிப் பெட்டிகளில் ஒரு சங்கடம் உண்டு. அந்தப் பயாஸுக்குப் பழைய கம்பெனிக்காரர்கள் பாஸ்வேர்ட் போட்டிருப்பார்கள். அதை எடுத்துக் கொடுப்பது வியாபாரியின் பொறுப்பு. விற்றபின் அவரைத் தேடிக்கொண்டு நீங்கள் அலையக் கூடாது.

பிராஸஸரின் மாடல் எண்ணையும் குறித்துக்கொண்டு இன்டெல் அல்லது ஏ.எம்.டி.யின் இணையதளத்தில் ஒத்துப் பாருங்கள். இன்டெல்லில் 'ஈ.பி.டி.' என்ற வசதியும் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. மெமரி விலாசத்தை மாற்றும் வேலையைப் பிராஸஸரே ஏற்றுக்கொள்வது அது. இல்லாவிட்டால் எல்லாம் ஆமை வேகம். 2008க்கு முந்திய இன்டெல் பெட்டிகளில் இது கிடையாது. அவ்வளவு பழசு என்றால் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். இன்னொன்று: வசதி இருந்தாலும், ஹைப்பர்வைஸர்களின் புதிய பதிப்புகள் சில, பழைய பிராஸஸர்களைக் கைவிட்டுவிடுகின்றன. நீங்கள் ஓட்டப்போகும் பதிப்பின் ஆதரவுப் பட்டியலில் உங்கள் மாடல் இருக்கிறதா என்று பாருங்கள். 2007லிருந்து லினக்ஸோடு சேர்ந்தே வருகிற 'கே.வி.எம்.' இலவசம், பழைய பெட்டிகளிடம் கொஞ்சம் தாராளமாகவும் நடந்துகொள்ளும்.

இனி அரிசிக் கணக்கு. நாலு அடுப்பும் ஒரே நேரத்தில் எரியாது. ஆகவே பிராஸஸரை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளலாம். மெமரி அப்படியல்ல. ஒரு பாகத்துக்கு அளந்து போட்டதைப் பெரும்பாலும் அது கையை விட்டு விடாது. பெட்டியில் 16 ஜி.பி.தான் என்றால், வீட்டுச் செலவுக்கு 4 போக மீதி 12. நாலு பங்கு போட்டால் தலைக்கு 3. விண்டோஸும் டாலியும் அதில் மூச்சுத் திணறும். 32 ஜி.பி. இருந்தால் தலைக்கு 7, நிம்மதியாக நடத்தலாம். சுழலும் பழைய டிஸ்க்காக இருந்தால் நாலு பேரும் ஒரே ஜாடிக்குள் கைவிட்ட கதைதான், எஸ்.எஸ்.டி.யாகப் போடுங்கள். நாலு பாகத்திலும் விண்டோஸ் என்றால் லைஸென்ஸும் நாலு பாகத்துக்குக் கணக்காகும். வியாபாரி சொன்ன மலிவு விலையில் இது சேர்ந்திருக்காது. அலமாரி ரக ஸர்வர் என்றால் விசிறிச் சத்தம் வேறே. வகுப்பு நடக்கிற அறையில் வைத்தால் நீங்கள் சொல்லும் பாடம் கடைசி பெஞ்சுக்குக் கேட்காது.

இவ்வளவும் சரியாக இருந்தால் வாங்குங்கள் சகோதரி. பிராஸஸர் மாடல், மெமரி, வர்ச்சுவலைசேஷன் வேலை செய்தது, இத்தனை நாளுக்குள் பழுதானால் திருப்பி எடுத்துக்கொள்வது, எல்லாவற்றையும் ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் உங்கள் திட்டத்தில் ஒன்றை மட்டும் நான் ஒப்ப மாட்டேன். நகல் வைக்கிற நாலாவது பாகம். அது தனி அடுப்புத்தான், கூரை அதேதான்! மின்சாரம் எகிறிப் பெட்டி புகைந்தால் அசலும் நகலும் ஒன்றாகப் போய்விடும். பிள்ளைகளின் கட்டணக் கணக்கு அத்தனையும் அதோடு போகும். ஆகையால் பிரிப்பது மூன்றாகவே இருக்கட்டும். நாலாவதற்குப் பதில் வெளியே வைக்கிற ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள். தினமும் வகுப்பு முடிந்ததும் ஒன்றில் நகல் எடுத்து, மூவரில் யார் வீடு தூரத்தில் இருக்கிறதோ அவர் அதைக் கைப்பையில் போட்டு எடுத்துப் போகட்டும். மறுநாள் மற்றொன்று.