வளைந்த அம்புக்குறி

சென்ற மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை நாம் விடைத்தாள்களுக்கு நடுவே அமர்ந்திருந்தபோது, அடுத்த அறையிலிருந்து எம் மூத்த மகள், "அப்பா, அப்பப்பாவின்ரை படம் ஒண்டையும் காணேல்லை" என்று கூவினாள். சிவப்பு மைப் பேனாவை மூடவும் மறந்து எழுந்து சென்றோம்.

எந்தையார் கொழும்பில் உத்தியோகம் பார்த்த காலத்தில் ஊருக்கு எழுதிய கடிதங்களையும், குடும்பப் புகைப்படங்களையும் இரண்டு பாடசாலை விடுமுறைகளைச் செலவிட்டு ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து, ஒரு பென் ட்ரைவில் சேர்த்து வைத்திருந்தோம். மூலக் கடிதங்களிற் பெரும்பாலானவை அதற்குப் பின்னர் செல்லரித்துப் போயின. வேறு பிரதி எடுத்து வைத்தோமா என வாசகர்கள் கேட்பார்கள். இல்லை. மாணவர்க்கு நாள்தோறும் முன்யோசனையைப் போதிப்பவர் வீட்டு இலட்சணம் அதுதான்.

திரையிலே கோப்புறைகள் இருந்தன, பெயர்களும் இருந்தன. ஆயினும் ஒவ்வொன்றின் இடது கீழ் மூலையிலும் முன்பு காணாத சிறிய வளைந்த அம்புக்குறி ஒன்று நின்றது. அவற்றை அழுத்தியபோது ஒன்றும் திறக்கவில்லை. முதல் நாள்தான் மகள் அந்தப் பென் ட்ரைவைக் கடைத்தெருவிலுள்ள கொமியூனிக்கேஷனுக்குக் கொண்டு சென்று, தன் பாடசாலை ஒப்படையை அச்சிட்டு வந்திருந்தாள். "கண்ட இடமெல்லாம் இதைக் கொண்டுபோய்க் குத்தினால் வேறென்ன நடக்கும்?" என்று கடிந்துகொண்டோம். அவள் மறுமொழி கூறாது எழுந்து போனாள்.

ஞாயிறு காலை கணினி திருத்தும் இளைஞர் ஒருவரிடம் பென் ட்ரைவைக் காட்டினோம். அவர் ஒரு கணம் பார்த்துவிட்டு, "சேர், இது வைரஸ். உள்ளுக்கு ஒண்டும் இல்லை. போமற் பண்ணினால் புதுசு மாதிரி வரும்" என்றார். பொருள் இழந்த வீட்டைக் கழுவித் தருவது போன்ற உபகாரம் அது. சம்மதிக்கும் தறுவாயில்தான் ஓர் எண் எம் கண்ணிற் பட்டது. 16 ஜிகாபைற் கொள்ளளவுடைய அந்தப் பென் ட்ரைவில் 11 ஜிகாபைற் நிரம்பியிருப்பதாகத் திரை காட்டியது. அம்புக்குறிக் கோப்புகளோ ஒவ்வொன்றும் ஓரிரு கிலோபைற்றே. உள்ளே ஒன்றும் இல்லையெனின் அந்தப் பதினொன்றை நிரப்பியிருப்பது எது? பென் ட்ரைவைச் சட்டைப் பையில் இட்டுக்கொண்டு வீடு திரும்பினோம்.

இந்த வகை நச்சுநிரல் எதையும் அழிப்பதில்லை, மறைக்கிறது. உண்மையான கோப்புறைகள் மீது 'மறைந்தது', 'விண்டோஸின் சொந்த உடைமை' என இரு முத்திரைகளைக் குத்திவிட்டு, அவற்றின் பெயரிலேயே போலிக் குறுக்குவழிகளை வெளியில் நிறுத்துகிறது. 'மறைந்தவற்றைக் காட்டு' என்னும் வழக்கமான தெரிவை நாம் இட்டும் பயன் கிட்டாமைக்கு அந்த இரண்டாம் முத்திரையே காரணம். போலியை அழுத்தினால் முதலில் நச்சுநிரல் இயங்கும். பின் பெரும்பாலும் மெய்யான கோப்புறையையும் அதுவே திறந்து காட்டும். அதனால் ஐயம் எழுவதில்லை. அதன் திருகு எங்கோ பிசகியதாற்றான் எமக்கு ஒன்றும் திறக்காமற் போயிற்று. ஒருவகையில் அது எம் நற்பேறு. போலியொன்றின் பண்புகளைத் திறந்து பார்த்தபோது, அது சுட்டும் இடம் என்ற வரியிலே கோப்புறையின் பெயருக்குப் பதிலாக நீண்டதொரு கட்டளை கிடந்தது. விண்டோஸிலே இயல்பாக உள்ள, சிறு கட்டளைத் தொடர்களை நிறைவேற்றும் செயலியை அழைக்கும் கட்டளை அது. வீட்டு வேலையாளைக் கொண்டே கள்வன் கதவைத் திறப்பிக்கிறான் என்க.

முற்காலத்தில் இவ்வளவு தந்திரம் வேண்டியிருக்கவில்லை. பென் ட்ரைவைச் செருகியவுடன் அதிலுள்ள நிரலைக் கணினி தானே இயக்கும் வசதியொன்று இருந்தது. 2008 இல் தோன்றி உலகெங்கும் பரவிய கொன்ஃபிக்கர் அந்த வாயிலையும் பயன்படுத்தியது. 2011 பெப்ரவரியில் மைக்ரோசொப்ட் நிறுவனம் பழைய விண்டோஸ் பதிப்புகளிலும் அவ்வாயிலை அடைத்தது. அதன்பின், மனிதனின் விரலையே அழுத்தச் செய்யும் குறுக்குவழித் தந்திரம் பெருகிற்று.

இனிச் செய்தவற்றைக் கூறுவோம். முதலில் இணையத் தொடர்பைத் துண்டித்தோம். பென் ட்ரைவைத் தொடவில்லை. கணினியில் நஞ்சு இருக்கும்வரை பென் ட்ரைவைச் சுத்தம் செய்வது வீண். செருகிய மறுகணமே மீண்டும் தொற்றும். இந்த ஒழுங்கு தவறியே பலர் வாரக்கணக்கில் அல்லற்படுகின்றனர். ராஸ்க் மனேஜரில், கணினி தொடங்கும்போது தாமே தொடங்கும் நிரல்களின் பட்டியலைப் பார்த்தோம். பொருளற்ற எழுத்துகளாலான பெயரொன்று அங்கே குந்தியிருந்தது. அதனைச் செயலிழக்கச் செய்து, அது இருந்த இடத்தையும் அதன் திகதியையும் ஒரு தாளிற் குறித்துக்கொண்டோம். பின்னர் விண்டோஸுடன் வரும் டிஃபென்டரைக் கொண்டு முழுச் சோதனை. அது முடியப் பிற்பகலாயிற்று. அதன்மேல், விண்டோஸ் எழும்முன்னரே நடைபெறும் 'ஒஃப்லைன்' சோதனை. கணினி தானே அணைந்து மீண்டெழுந்து ஏறத்தாழக் கால் மணி நேரத்தில் இதனை முடிக்கும். நச்சுநிரல் விழித்தெழுந்து ஒளிந்துகொள்ள நேரமின்மையால் இது வலிது.

இதற்கிடையில் இளைய மகன் அயல்வீட்டுக் கணினியிலே தேடி, இந்நோயை ஒரே அழுத்தில் நீக்குவதாகக் கூறும் இலவச மென்பொருள் ஒன்றைக் கண்டுபிடித்து ஓடிவந்தான். மருந்தென்ற பெயரில் நஞ்சு விற்போரும் அங்கே உளர் என்று கூறித் தடுத்தோம். சற்றே முகம் வாடினான்.

அதன் பிறகே பென் ட்ரைவைச் செருகி, அதனையும் சோதித்து, கறுப்புத் திரையைத் திறந்து 'அற்றிப்' என்னும் பழைய கட்டளையை இட்டோம். எச், ஆர், எஸ் ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகளின் முன்னும் கழித்தற் குறியிட்டால் மறைவு முத்திரையும், எழுதத் தகாதது என்னும் முத்திரையும், உடைமை முத்திரையும் கழன்றுவிடும். உட்கோப்புறைகளுக்கும் அது செல்லுமாறு சாய்கோட்டின் பின் எஸ்ஸும் டீயும் இட வேண்டும். சில விநாடிகள் திரை அசையாது நின்றது. பின்பு கோப்புறைகள் அம்புக்குறியின்றி ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. முதலாவதைத் திறந்தோம். நீல மையில் எந்தையாரின் கையெழுத்து. இல்லாள் அடுக்களையிலிருந்து வந்து பின்னால் நின்றதைக்கூட நாம் அறியவில்லை.

போலிகளை அழித்துவிட்டு, அன்றிரவே இரண்டு பிரதிகள் எடுத்தோம். கடவுச்சொற்களை அக்கணினியில் மாற்றாது, கைத்தொலைபேசியில் மாற்றினோம். 2013 இல் ஆய்வாளர்கள் விவரித்த ஹூடினி என்பது போன்ற குறுக்குவழி நச்சுநிரல்கள், தூரத்திலிருப்பவனிடம் கணினியின் கடிவாளத்தையே ஒப்படைப்பவை. வங்கிக் கணக்கையும் மின்னஞ்சலையும் அவன் பார்த்திருக்க மாட்டான் என்று நம்பியிருப்பது தகாது. சோதனைக்குப் பின்னும் பழைய குணம் மீளுமாயின், கோப்புகளைக் காப்பாற்றிக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே வழி. அப்போது போமற் என்ற சொல்லுக்கு நாமும் தலைவணங்குவோம்.

குறித்து வைத்த தாளைத் திங்கட்கிழமைதான் நிதானமாகப் பார்த்தோம். நஞ்சு எம் கணினியில் வந்து குடியேறிய திகதி, மகள் அச்சிடச் சென்ற நாளுக்கு மூன்று வாரங்கள் முந்தியது. தவணைப் பரீட்சை வினாத்தாள்களைக் கல்லூரியிலிருந்து வேறொரு பென் ட்ரைவில் நாமே வீட்டுக்குக் கொண்டுவந்த நாள் அது.

மகளை அழைத்துத் தாளைக் காட்டினோம். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது அவள் திகதியை இருமுறை பார்த்துவிட்டு, "அப்ப அந்தக் கடைக்கார அண்ணாவுக்கும் சொல்லவேணும் அப்பா. நாங்கள்தானே அவருக்குக் குடுத்திருப்பம்" என்றாள். எமக்கு அது தோன்றவே இல்லை.

அன்று மாலை இருவரும் கடைக்குச் சென்றோம். நடந்ததை ஒளியாது உரைத்தோம். அவர் ஒன்றும் பேசாமல், வாடிக்கையாளர் ஒருவர் மறந்து விட்டுச் சென்ற பென் ட்ரைவொன்றை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துச் செருகினார். திரையிலே கோப்புறைகள் வரிசையாக வந்து நின்றன, ஒவ்வொன்றின் மூலையிலும் அம்புக்குறியோடு. கதிரையை இழுத்துப் போட்டு, "சேர், முதலில எதைச் செய்தனீங்கள்? ஆறுதலாச் சொல்லுங்கோ" என்று பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் பின்புறத்தை விரித்தார். மகள்தான் சொல்லிக்கொடுத்தாள்.