இரு துளைகளுக்கு நடுவே

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கல்லாகிப் போன அடிமரத்தை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பு அந்தப் பகுதியிலும் அரியலூர்ப் பக்கமும் கடல் பரவியிருந்தது. அக்கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புப் பாறைதான் இன்று அரியலூர் சிமெண்டு ஆலைகளுக்குத் தீனி.

பாறை எங்கும் ஒரே தரமாக இராது. ஆகவே தோண்டுமுன் ஆங்காங்கே துளையிட்டு, மாதிரி எடுத்து, அதில் கால்சியம் ஆக்சைடு எத்தனை விழுக்காடு என்று சோதிக்கிறார்கள். ஒரு துளையில் 48, அடுத்ததில் 40 என்று வைத்துக்கொள்வோம். சரி நடுவில் எவ்வளவு? ‘44’ என்பீர்கள். இதுதான் இடைச்செருகல். (தமிழாசிரியரிடம் இச்சொல்லைச் சொன்னால், பழம்பாடலில் பிற்காலத்தவர் நுழைத்த அடிகளை நினைப்பார். அந்தச் சந்தேகம் நமக்கும் நல்லதே. 44 என்பது நாம் நுழைத்த எண். பாறை சொன்ன எண் அல்ல.) கணக்குத் தவறினால் உதவாத பாறைக்காக ஒரு வயல் தோண்டப்படும். தோண்டிய குழியை மறுபடி வயலாக்குவது எளிதா?

மேல்நிலை வகுப்பில் வணிகக் கணிதம் படிப்பவர்கள் நியூட்டன், இலக்ராஞ்சி சூத்திரங்களைச் சந்திப்பார்கள். எல்லாப் புள்ளிகள் வழியாகவும் ஒரே வளைகோட்டை இழுப்பவை அவை. நாலைந்து புள்ளிகளுக்கு அருமை! ஆனால் சம இடைவெளியில் புள்ளிகளைக் கூட்டக் கூட்ட, அந்த வளைகோடு ஓரங்களில் தாறுமாறாக அலைபாயக்கூடும் என்று ஜெர்மானியக் கணித அறிஞர் ரூங்கே 1901-இல் காட்டினார். விவரம் கூடினால் விடை மோசமாகிறது, வேடிக்கைதான்.

தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களை ஆராய்ந்த டேனி கிரீகே 1951-இல் வேறு வழிக்கு அடிகோலினார். தூரம் கூடும்போது மாதிரிகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை அந்த மாதிரிகளிடமிருந்தே கற்றுக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் உரிய மதிப்பளிப்பது அது. பிரான்சின் மாத்தரான் அதை வளர்த்து, கிரீகேயின் பெயராலேயே ‘கிரிகிங்’ என்றார்.

இதிலும் ஒரு சிக்கல். 250 துளைகள், துளைக்கு 40 மாதிரிகள் என்றால் மொத்தம் 10,000. எல்லாவற்றையும் ஒரே சமன்பாட்டுத் தொகுதியாகத் தீர்த்தால் வேலை ஏறத்தாழ 10,000 × 10,000 × 10,000, அதாவது லட்சம் கோடி! அருகிலுள்ள 16 மாதிரிகளை மட்டும் கொண்டால் 16 × 16 × 16 = 4,096. பத்தாயிரம் இடங்களுக்குச் செய்தாலும் சுமார் 4 கோடிதான். ‘இன்றைய கணிப்பொறிக்கு லட்சம் கோடி ஒரு பொருட்டா?’ என்று கேட்கலாம். மாதிரிகள் நூறு மடங்கானால் அந்த வேலை பத்து லட்சம் மடங்காகுமே!

ஆனால் வேகத்தை மட்டும் பார்த்து முறையைத் தேர்ந்தெடுப்பது எனக்கு உடன்பாடில்லை. ‘அருகில்’ என்றால் எது அருகில்? அரியலூர்ப் பாறை கடலடியில் அடுக்கடுக்காகப் படிந்தது. ஒரே அடுக்கில் 50 மீட்டர் தள்ளியிருப்பது நெருங்கிய உறவு. 2 மீட்டர் கீழே வேறோர் அடுக்கில் இருப்பது அயலாராக இருக்கலாம். எல்லாத் திசையையும் ஒன்றாகப் பாவிக்கும் கணிப்பொறி நிரல் இதை அறியாது. நாம்தான் சொல்ல வேண்டும். அதற்குக் கணிதம் போதாது. புவியியலும் தெரிய வேண்டும்.

எந்த முறை மேல் என்பதை வாதாடி முடிவு செய்ய முடியாது. ஒரு துளையின் மாதிரிகள் அனைத்தையும் மறைத்துவிட்டு, மற்றவற்றைக் கொண்டு ஊகித்து, உண்மையோடு ஒப்பிட வேண்டும். ஒரே ஒரு மாதிரியை மட்டும் மறைத்தால் மேலும் கீழும் உள்ள மாதிரிகளே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். அது காப்பியடித்த தேர்வு போன்றது. இந்தச் சோதனைக்கு நம் பாடநூல்கள் ஒரு பக்கமாவது ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

அதுவரை நீங்களே செய்து பாருங்கள். பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, ஊரில் பத்துக் கிணறுகளில் நீர் எத்தனை அடி ஆழத்தில் நிற்கிறது என்று கயிறு விட்டு அளந்து குறியுங்கள். ஒன்றை மறைத்துவிட்டு, மற்ற ஒன்பதைக் கொண்டு அதை நண்பரை ஊகிக்கச் சொல்லுங்கள். எத்தனை அடி பிசகுகிறது?