உதைப்பதற்கு முன்

வருஷந்தோறும் ஆயுத பூஜையன்று அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து வீடுகள் பலவற்றில் ஒரு காட்சியைக் காணலாம். மாடிப்படியின் கீழே பழஞ்சேலை போர்த்தி நிறுத்தியிருக்கும் மோட்டார் சைக்கிளை வெளியே உருட்டி வருகிறார்கள். துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இடுகிறார்கள். சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்குகிறார்கள். பிறகு, "அப்பா ஓட்டிய வண்டி" என்று பெருமூச்சு விட்டு, மறுபடியும் போர்த்தி விடுகிறார்கள். இத்துடன் நின்றால் பாதகமில்லை. விடுமுறைக்கு வந்திருக்கும் பிள்ளை பக்தி மேலிட்டு, "ஓர் உதை உதைத்துப் பார்க்கிறேன்" என்று கிக்கரின் மேல் காலை வைக்கும்போதுதான் நமக்குக் கவலை பிறக்கிறது.

இந்த வட்டாரத்தாருக்கு யந்திரம் புதிதல்ல. 1949-லேயே அம்பத்தூரில் டி. ஐ. சைக்கிள் தொழிற்சாலை ஏற்பட்டது. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிஸ்ட் முறையில் சமுதாயத்தை அமைப்பது என்று தீர்மானம் செய்தது. அதே வருஷத்தில்தான் மதராஸ் மோட்டார்ஸ் கம்பெனியார் இங்கிலாந்து தேசத்து என்பீல்டு கம்பெனியாருடன் கூடி, புல்லட் மோட்டார் சைக்கிளை நம் மண்ணிலேயே உருவாக்கத் தொடங்கினார்கள். திருவொற்றியூரில் அதற்குத் தொழிற்சாலை எழுந்தது. 1961-ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. ஆகவே, யந்திரம் செய்யும் வித்தையை நாம் நன்றாகவே கற்றுக் கொண்டோம். ஆனால், நின்று போன யந்திரத்தைப் பழுதில்லாமல் எழுப்புவது வேறொரு வித்தை. அதற்குப் பலத்தை விடப் பொறுமையே அதிகம் தேவை.

நிற்கும் வண்டி தூங்குகிறது என்று நாம் நினைக்கிறோம். அது பெரும் தவறு. வண்டி நின்றாலும் அதனுள்ளே காரியங்கள் நடந்து கொண்டேயிருக்கின்றன. பெட்ரோலின் லேசான பகுதி ஆவியாகிப் போக, மிச்சம் பிசினாகித் திரிந்து, கார்புரேட்டரின் சிறு துவாரங்களை அடைக்கிறது. இந்நாளில் பெட்ரோலுடன் நூற்றுக்கு 20 பங்கு வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கொள்ளும். ஈரம் மிகுந்தால் நீரோடு பிரிந்து டாங்கியின் அடியில் தங்கித் துருவை வளர்க்கும். சிலிண்டரில் எண்ணெய்ப் பசை காய்ந்து, பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக் கொள்ளும். போதாக்குறைக்கு எலியார் காற்று வடிகட்டியில் குடும்பம் நடத்தி, மின்சாரக் கம்பிகளையும் கடித்து வைத்திருப்பார். இவ்வளவையும் கவனியாமல் உதைப்பது, நெடுநாள் படுக்கையில் கிடந்த நோயாளியை எழுப்பி ஓட்டப் பந்தயத்துக்கு அனுப்புவதை ஒக்கும்.

பின் செய்ய வேண்டியது என்ன? முதலில் வண்டியைத் திறந்த வெளிக்கு உருட்டி வருக. பழைய பெட்ரோலை முழுவதும் தகர டப்பாவில் வடித்து விடுக, சாக்கடையில் கொட்டலாகாது. டாங்கிக்குள் என்ன இருக்கிறதென்று பார்க்கத் தீக்குச்சி கிழிப்பவர்களுக்கு நாம் சொல்லக் கூடிய புத்திமதி ஒன்றுமில்லை. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, இஞ்சின் ஆயிலை மாற்றுக. பழைய புல்லட்டில் ஆயில் தன் இடத்தை விட்டுக் கசிந்து கிராங்க் அறையில் தேங்கியிருக்கும். அதையும் வடித்தாக வேண்டும்.

அடுத்தபடியாக, சாவியை எடுத்துவிட்டுப் பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டுச் சில மணி நேரம் ஊற விடுக. பிறகு வண்டியை மேல் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுழற்றுக. சுழல மறுத்தால் வற்புறுத்தலாகாது. மெக்கானிக்கை அழைப்பதே மரியாதை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளத்தைக் கண்ட பகுதிகளில் இது மிக முக்கியம். காற்றைப் போல் தண்ணீர் அமுங்கிக் கொடுக்காது. சிலிண்டரில் நீர் நிற்கையில் உதைத்தால் உள்ளிருக்கும் இரும்புத் தண்டே வளைந்து போகும்.

புதுப் பெட்ரோலும் சார்ஜ் ஏற்றிய பாட்டரியும் வந்த பின்பே உதையின் முறை. வண்டி நியூட்ரலில் இருக்கட்டும். பழைய புல்லட்டானால் ஆம்மீட்டர் முள் நடுவில் வந்து நிற்கும் வரை கிக்கரை மெள்ள அழுத்தி, டிகம்ப்ரஸரைப் பிடித்துச் சற்றே மேலும் தள்ளி, பிடியை விட்ட பிறகே முழு உதை கொடுக்க வேண்டும். இந்த முறை தவறினால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் எலும்பு முறியும்.

எல்லாவற்றிலும் பெரிய அபாயம் கண்ணுக்குத் தெரியாதது. புகையோடு வெளிவரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறையிலோ, மாடிப்படியின் அடியிலோ இஞ்சினை ஓட விட்டால், பக்கத்து அறையில் உறங்கும் குழந்தைக்கும் அது எமனாகலாம். மழை பெய்தாலும் சரி, வண்டி வெளியில்தான் கிளப்பப்பட வேண்டும்.

கிளம்பிய இஞ்சினை உடனே முறுக்க வேண்டாம்; சில நிமிஷம் அமைதியாக ஓடிச் சூடாகட்டும். பிரேக்கையும் டயர்களையும் சோதித்த பிறகே தெருவில் இறங்க வேண்டும். 15 வருஷம் கடந்த வண்டியானால், பதிவுச் சான்று புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துக் கொள்க.

அப்பாவின் வண்டியைக் காப்பாற்றுவது நல்ல காரியம். அதை எழுப்புகிற பிள்ளையின் காலும், வீட்டிலுள்ளோர் உயிரும் அதைவிட அருமையானவை. வரும் ஆயுத பூஜையன்று சந்தனம் குழைப்பதற்கு முன், பிளக்கைக் கழற்றும் சாவி எங்கே இருக்கிறதென்று தேடி வைப்பார்களானால், சரஸ்வதி தேவி நிச்சயம் கோபித்துக் கொள்ள மாட்டாள்.