பதிவேட்டுக்குத் தெரியும், பக்கத்தில்தான் ஆள் இல்லை

2023 மார்ச் 13 அன்று பிளஸ் டூ மொழிப்பாடத் தேர்வு. ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானோர் எழுத வரவில்லை என்று தெரிந்ததும் தமிழகமே பதறியது. கொரோனா காலத்தில் தேர்வின்றித் தேர்ச்சி பெற்று, பிறகு பள்ளிப் பக்கமே வராதவர்களின் பெயர்களும் பட்டியலில் இருந்ததுதான் காரணம் என்று அரசுத் தரப்பு விளக்கம் சொன்னது. விளக்கம் சரிதான். ஆனால் அதற்குள் ஒரு சங்கடமான ஒப்புதலும் இருந்தது. இந்தப் பிள்ளைகள் வருவதில்லை என்பது வருகைப் பதிவேட்டுக்கு மாதக்கணக்காகத் தெரியும். அவர்களைத் தேடிப் போவதுதான் யாருடைய முழுநேர வேலையாகவும் இல்லை.

தமிழகப் பள்ளிகளில் தரவுக்குப் பஞ்சமில்லை. பள்ளிக் கல்வித் துறையின் ‘எமிஸ்’ தளத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் எண் உண்டு. வருகை, மதிப்பெண், நலத்திட்டப் பொருட்கள் என எல்லாமே அதில் ஏறுகின்றன. பாடம் நடத்தும் நேரத்தைப் பதிவேற்றமே தின்றுவிடுகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் புலம்பி அலுத்துவிட்டன. இவையெல்லாம் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையிலுள்ள துறைத் தலைமையகத்தை நோக்கி மேலே போகின்றன. கீழே, தாம்பரம் பகுதியின் சேலையூரிலோ பம்மலிலோ ஒரு பிள்ளையின் பக்கத்தில் போய் உட்காரக்கூடியவருக்குத் திரும்பி வருவது சொற்பம்.

இத்தனைக்கும் தேவைப்படும் தரவு மிக எளிமையானது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ராபர்ட் பால்ஃபான்ஸ் குழுவினர் ஆறாம் வகுப்பு மாணவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2007இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வருகை 80 சதவீதத்துக்குக் கீழே போவது, கணக்கிலோ ஆங்கிலத்திலோ தோற்பது, நடத்தைக் கோளாறு ஆகியவை பள்ளியை விட்டு நிற்கப் போகிறவர்களைப் பல ஆண்டுகள் முன்னதாகவே காட்டிக்கொடுத்தன. நம் எமிஸில் இவற்றில் வருகையும் மதிப்பெண்ணும் ஏற்கெனவே இருக்கின்றன. மூன்றாவது, வகுப்பாசிரியரின் நினைவில் இருக்கிறது.

தாம்பரத்துக்கு இது ஏன் கூடுதலாகப் பொருந்துகிறது? 2021 நவம்பரில் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துக்கொண்டு மாநகராட்சியான ஊர் இது. வாடகை ஏறினால் குரோம்பேட்டையிலிருந்து பெருங்களத்தூருக்கும், அங்கிருந்து ஊரப்பாக்கத்துக்கும் நகரும் குடும்பங்கள் இங்கே அதிகம். கிழக்கே பெரும்பாக்கத்தில் வேறு கதை. சென்னை நகரத்தின் கரையோரங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவர்களுக்கான அடுக்குமாடி வீடுகள், இருபதாயிரத்துக்கும் மேல். படிப்பாண்டின் நடுவில் பெயர்க்கப்பட்ட பிள்ளை, பழைய பள்ளிக்குப் போக பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டும். புதிய பள்ளியில் யாரையும் தெரியாது. பழைய பள்ளி மாற்றுச் சான்றிதழ் கொடுத்ததும் எமிஸில் அந்தப் பெயர் பொதுத் தொகுப்புக்குப் போகிறது. புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். எந்தப் பள்ளியும் எடுக்காமல் அந்தத் தொகுப்பிலேயே சில வாரங்கள் ஒரு பெயர் கிடந்தால், அதைவிடத் தெளிவான அபாய மணி எது?

ஏற்பாடுகளே இல்லை என்று சொல்ல முடியாது. மாணவர்களுக்காக 2018இல் தொடங்கிய 14417 உதவி எண் இருக்கிறது. பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ புகார்ப் பெட்டி வைத்தார்கள். தேர்வு முடிவு வரும் வாரத்தில் தொலைபேசி ஆலோசனை முடுக்கிவிடப்படுகிறது. அவை தேவைதான், 2022இல் மட்டும் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. ஆனால் உதவி எண், அழைக்கத் துணிந்தவருக்கு மட்டுமே உதவும். திங்கட்கிழமைதோறும் மட்டம் போட்டு, காலாண்டில் இரண்டு பாடத்தில் தவறி, ‘கேட்டரிங்’ வேலைக்குப் போகத் தொடங்கும் ஒன்பதாம் வகுப்புப் பையன் எந்த எண்ணையும் அழைப்பதில்லை.

பின்னே யார் பேசுவது? வழக்கமான விடை, ஓர் ஆசிரியருக்கு ஓரிரு நாள் பயிற்சி கொடுத்து ‘வழிகாட்டி’ ஆக்கிவிடுவது. இந்த விடை எடுபடாது என்பதற்கு இந்தியாவிலேயே சான்று உண்டு. பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ‘சேஹர்’ என்ற திட்டத்தைச் சோதித்தார்கள். சில பள்ளிகளில் ஆசிரியரே ஆலோசகர். சிலவற்றில் அதற்கென்றே பயிற்சி பெற்ற வெளியாள், உளவியல் பட்டம்கூட இல்லாதவர். புகார்ப் பெட்டி, சுவர் இதழ், தனிப்பட்ட ஆலோசனை என்று இரு தரப்புக்கும் ஒரே வேலைதான். 2018இல் ‘லான்செட்’ இதழில் வந்த முடிவு பட்டவர்த்தனமானது. வெளியாள் இருந்த பள்ளிகளில் சூழல் மேம்பட்டது, மனச்சோர்வும் சக மாணவர் தொல்லையும் குறைந்தன. ஆசிரியர் செய்த பள்ளிகளில் சொல்லும்படியான மாற்றமே இல்லை.

ஆசிரியர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. ரேங்க் அட்டையில் கையெழுத்துப் போடுகிறவரிடமே வீட்டில் அப்பா குடித்துவிட்டு அடிக்கிறார் என்று ஒரு பிள்ளை சொல்லிவிடும் என்று நாம் எதிர்பார்ப்பதுதான் விந்தை.

நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவரைச் சக மாணவர்கள் வெட்டிய கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில், 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் பணியிடத்தைப் பரிந்துரைத்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நூறு மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஓர் ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ இருக்க வேண்டும் என்றது. தாம்பரம் வட்டாரத்தின் மேல்நிலைப் பள்ளிகளுக்கு இரண்டாவது கணக்கு உடனே எட்டாது என்றால், முதலாவதிலிருந்தாவது தொடங்கலாம். ஆட்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். தாம்பரத்திலேயே இருக்கும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சமூகப் பணித் துறை இருக்கிறது. களப்பயிற்சி மாணவர்களை அனுப்பிச் சமாளிப்பது மட்டும் கூடாது. பருவத்துக்குப் பருவம் முகம் மாறினால் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது.

அந்த அலுவலரின் வாரம் ஒரு பக்கத் தாளில் தொடங்கட்டும்: கடந்த பத்து வேலை நாளில் மூன்று நாள் வராதவர்கள், கடைசித் தேர்வில் இரண்டு பாடங்களில் தவறியவர்கள், புதிதாகச் சேர்ந்தவர்கள். இரண்டு பட்டியலில் இருக்கும் பெயருக்கு முதலிடம். அம்மா மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் ஷிப்ட் வேலை பார்க்கிறார் என்றால் பகல் பதினொரு மணிப் பெற்றோர் கூட்டத்தால் பயனில்லை. ஆறு மணிக்கு மேல் வீட்டுக்குப் போக வேண்டும். அதற்கேற்ப வேலை நேரத்தையும் பயணப்படியையும் அமைக்காமல் நியமன ஆணை மட்டும் கொடுப்பது வீண். வேலையை அளக்கும்போது ‘இத்தனை பேருக்கு ஆலோசனை வழங்கப்பட்டது’ என்ற எண்ணிக்கையைக் கேட்கவே கூடாது. கேட்டால் எண்ணிக்கைதான் வளரும். பட்டியலில் இருந்தவர்களில் எத்தனை பேர் அடுத்த மாதம் ஒழுங்காக வந்தார்கள், எத்தனை பேர் பதினொன்றாம் வகுப்பிலோ ஐடிஐயிலோ சேர்ந்தார்கள் என்பதே கேள்வி.

ஓர் எச்சரிக்கை. வருகையும் மதிப்பெண்ணும் எமிஸில் இருக்கலாம். அறைக்குள் பிள்ளை சொன்னது அங்கே ஏறக் கூடாது. ஏறினால் அது தலைமையாசிரியர் மேசைக்கும், மறுநாள் ஓய்வறைப் பேச்சுக்கும் போகும். பாலியல் துன்புறுத்தல் என்றால் போக்சோ சட்டப்படி புகார் தந்தே ஆக வேண்டும். அந்த எல்லையை முதல் சந்திப்பிலேயே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். மற்றவை ஆலோசகரின் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். அதற்கு முன், அலமாரி வைக்கவும் கதவைச் சாத்திப் பேசவும் ஓர் அறை வேண்டும். ஆய்வகத்தின் மூலையிலோ படிக்கட்டின் அடியிலோ நாற்காலி போட்டுக்கொடுக்கும் பள்ளியில் இந்தத் திட்டத்தைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.